தேயிலை மலையின் 'டக் டக்' குருவி: ஒரே முகத்தில் இரண்டு இனங்களைப் பிரித்தறிவது எப்படி?

ஒக்டோபர் பிறந்துவிட்டால் மலையகத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு சத்தம் காதில் விழும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'டக்' என்று எடுப்போமே, அதேதான். ஒரு 'டக்', சற்று விட்டு இன்னொரு 'டக்'. கான் ஓரத்து உண்ணிச்செடிக்குள்ளிருந்து வரும்; கவ்வாத்துக்குக் காத்திருக்கும் உயர்ந்த தேயிலைக்குள்ளிருந்து வரும்; லயத்துக்குப் பின்னால் இருக்கிற மரக்கறித் தோட்டத்து வேலியிலிருந்தும் வரும். ஆளைத் தேடினால் கிடைக்காது. அசையாமல் கொஞ்ச நேரம் நின்றால், ஒரு பழுப்புக் குருவி இலை இடுக்கில் தலைகாட்டிவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். உடம்பில் கோடில்லை, புள்ளியில்லை, சிறகில் பட்டையில்லை. அடையாளம் சொல்ல ஒன்றுமே இல்லாத குருவி.

அதனால்தான் இதைப் பற்றிய பேச்சும் அப்படியே போகிறது. ஒருவர் 'நாணல் குருவி' என்பார். இன்னொருவர் ஐரோப்பியக் கையேட்டைப் பிரித்து, அதிலுள்ள படத்தோடு ஒத்துப்போகிறது என்று சொல்லி, 'இது இங்கிலாந்தில் குளத்து நாணலுக்குள் கூடு கட்டுகிற அதே குருவி, குளிருக்குப் பயந்து நுவரெலியாவுக்கு வருகிறது' என்று முடித்துவிடுவார். துரைமார் வந்த வழியில் அவர்கள் ஊர்க் குருவியும் வந்தது என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சரியில்லை. இங்கே வருவது வேறு இனம். இங்கிலாந்துக் குருவி குளிர்காலத்தில் போவது ஆப்பிரிக்காவுக்கு. படத்தில் ஒன்றுபோல் இருக்கும் இந்த இரண்டையும் பிரிப்பது எது என்பதைப் புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குபவர்களுக்குச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டும் யார்?

நம் மலைக்கு வருவது பிளித் நாணல் கதிர்க்குருவி. கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் நூதனசாலைக்குப் பொறுப்பாக இருந்த எட்வர்ட் பிளித் 1849இல் இதை முறைப்படி விவரித்தார். அவர் பெயரே நின்றுவிட்டது. பின்லாந்து, பால்டிக் நாடுகள் தொடங்கி ரஷ்யா முழுவதும் கடந்து சைபீரியா வரையும், தெற்கே மத்திய ஆசியாவிலும் இது குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலத்தைக் கழிப்பது இந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றியுள்ள நாடுகளிலும்.

மற்றது ஐரோப்பிய நாணல் கதிர்க்குருவி. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் மேற்காசியாவிலும் நாணல் படுகைகளில் கூடு கட்டும். குளிர்காலத்தில் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே போய்விடும்.

இரண்டும் அக்ரோசெஃபாலஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பேரினம் என்றால் நெருங்கிய உறவுள்ள இனங்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் வகுப்பு. இரண்டுமே ஏறக்குறைய 13 செ.மீ. நீளம், சுமார் 12 கிராம் எடை. மேலே பழுப்பு, கீழே மங்கிய வெள்ளை, நீண்ட மெல்லிய அலகு, சரிந்த நெற்றி. பக்கத்தில் பக்கமாக வைத்தாலும் அனுபவசாலிகளே கொஞ்சம் யோசிப்பார்கள்.

இலங்கையில் வருடம் முழுவதும் இருக்கும் இன்னொரு நாணல் கதிர்க்குருவியும் உண்டு; அது மிகப் பெரியது, 18 செ.மீ.க்கு மேல். தாழ்நிலத்துக் குளங்களிலும் சதுப்புகளிலும் நாணலுக்குள் இருந்துகொண்டு பெருங்குரலில் கத்தும். அளவே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அதை இத்துடன் விட்டுவிடுவோம்.

உருவம் ஒன்று, இனம் இரண்டு: எப்படி?

பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஒரே முகச்சாயலில் இருப்பதை எல்லாக் குடும்பத்திலும் பார்த்திருப்போம். வெளியாள் இருவரையும் மாற்றிக் கூப்பிடுவார். வீட்டில் இருப்பவர்கள் ஒருநாளும் மாற்றிக் கூப்பிட மாட்டார்கள். காரணம், அவர்கள் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. நடையைப் பார்க்கிறார்கள், குரலைக் கேட்கிறார்கள், எந்த வாசலிலிருந்து வருகிறான் என்று கவனிக்கிறார்கள். நாணல் கதிர்க்குருவிகளுக்கும் இந்த மூன்றுதான் வழி: உடலமைப்பு, குரல், வாழிடம்.

ஒப்புமை அந்த அளவோடு சரி. ஏனென்றால் பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் ஒரே இனம். இந்தக் குருவிகள் அப்படியல்ல. இனம் என்பதற்கு எளிமையான விளக்கம்: இயற்கையில் தமக்குள் இணைசேர்ந்து, தமக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வரும் ஒரு கூட்டம். பக்கத்திலேயே இன்னொரு கூட்டம் இருந்தாலும் வழக்கமாக அதனுடன் கலப்பதில்லை. உருவம் மாறியிருக்க வேண்டும் என்று இந்த விளக்கத்தில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். 'பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது, அப்புறம் என்ன வேறு இனம்?' என்று கேட்கிறார்கள்.

நிகழ்ந்தது ஏறத்தாழ இப்படி. பொதுவான மூதாதை ஒன்றின் சந்ததிகள் வெவ்வேறு பகுதிகளில் நீண்ட காலம் பிரிந்து வாழ்கின்றன. ஒரு கூட்டத்தில் ஏற்படும் மாற்றம் மற்றக் கூட்டத்துக்குப் போய்ச்சேர வழியில்லை. ஆணின் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது; கூடு கட்டும் இடம் மாறுகிறது; குளிர்காலத்துக்குப் போகும் திசை மாறுகிறது. நிறம் மட்டும் மாற அவசியமே வரவில்லை. இலைநிழலுக்குள் பூச்சி பிடித்துத் தின்று, பருந்தின் கண்ணில் படாமல் வாழவேண்டிய குருவிக்குப் பழுப்பு நிறம் இரண்டு பக்கமும் நன்றாகவே உதவுகிறது. பிற்காலத்தில் இரண்டு கூட்டமும் ஒரே ஊரில் சந்தித்தாலும், பெண் பறவை ஆணைத் தேர்வது பாட்டைக் கேட்டு. இறகைப் பார்த்து அல்ல. ஆகவே கலப்பு அரிதாகிவிடுகிறது.

அரிது என்றேன், அறவே இல்லை என்று சொல்லவில்லை. பிளித் கதிர்க்குருவி 20ஆம் நூற்றாண்டில் மேற்கு நோக்கிப் பரவிப் பின்லாந்தை அடைந்தது. அங்கே அதன் இன்னொரு நெருங்கிய உறவான சதுப்புக் கதிர்க்குருவியுடன் சில சமயம் இணைசேர்வதையும், கலப்புக் குஞ்சுகளையும் பார்த்திருக்கிறார்கள். எப்போதாவது நடக்கும் இத்தகைய கலப்பால் இரண்டு இனங்களும் ஒன்றாகிவிடுவதில்லை.

இதுவரை பார்த்தது: இனத்தைத் தீர்மானிப்பது தனி வம்சம். நிறமும் உருவமும் அந்த வம்சத்தின் வெளி அடையாளங்கள் மட்டுமே, சில வேளைகளில் அவை மாறாமலே இருந்துவிடும்.

நிறத்தை ஏன் நம்பக்கூடாது?

கையேடுகளில் படித்தால், பிளித் கதிர்க்குருவி சற்றுச் சாம்பல் கலந்த, வறண்ட பழுப்பு. ஐரோப்பிய நாணல் கதிர்க்குருவியின் முதுகிலும் குறிப்பாக வாலடியிலும் செம்மை கூடும். எழுதியது தவறில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு மலையில் இறங்கினால் ஏமாற்றம்தான்.

தேயிலைக்குள் இருக்கும் குருவியின்மேல் விழுவது இலையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்; குருவி பச்சை கலந்ததாகத் தெரியும். அதே குருவி மாலை நான்கு மணிக்குமேல் மேற்குச் சரிவில் வந்து உட்கார்ந்தால் பொன் பழுப்பாகத் தெரியும். பனிமூட்டம் வந்தால் சாம்பல். கைத்தொலைபேசிக் கெமரா தன் பங்குக்கு நிறத்தைத் திருத்திவைக்கும். போதாதற்கு இறகும் வயதாகிறது: புதிதாக முளைத்த இறகு செம்மை சற்றுத் தூக்கலாக இருக்கும், பல மாதம் வெயிலும் உராய்வும் பட்ட இறகு வெளிறிப்போகும். அந்த வருடம் பிறந்த இளம் பிளித் குருவி, வயதான ஐரோப்பியக் குருவியைவிடச் செம்மையாகத் தெரிந்தாலும் ஆச்சரியமில்லை. ஒற்றைப் படத்தில் நிறத்தை மட்டும் பார்த்து இனத்தைச் சொல்பவரின் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

முகத்தில் கொஞ்சம் உதவி உண்டு. பிளித் குருவிக்கு அலகடியிலிருந்து கண் வரை ஒரு வெளிர் புருவக்கோடு இருக்கும். கண்ணுக்கு முன்னால் நன்றாகத் தெரியும், கண்ணைத் தாண்டியதும் பெரும்பாலும் மங்கிவிடும். ஐரோப்பியக் குருவிக்கு அந்தக் கோடு இன்னும் மங்கல். கண்ணைச் சுற்றியுள்ள வெளிர் வளையம்தான் முதலில் கண்ணில் படும். பிளித் குருவியின் சிறகு முழுவதும் ஒரே சீரான நிறமாக, இறகு விளிம்புகள் எடுபடாமல் இருக்கும். உட்காரும் விதத்திலும் ஒன்று சொல்வார்கள்: அலகும் வாலும் மேலே தூக்கி, நடுவுடம்பு தாழ்ந்து, முதுகு வளைந்தாற்போல் பிளித் அடிக்கடி உட்காரும். இவையெல்லாம் துணைச்சான்றுகள். முதன்மைச் சான்று சிறகில் இருக்கிறது.

சிறகு சொல்லும் கணக்கு

பறவையின் சிறகு என்பது அதன் கைதான். தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் அதிலும் உண்டு. மணிக்கட்டுக்கு அப்பால் உள்ள விரலெலும்புகள் மட்டும் குறைந்து, ஒட்டிப்போயிருக்கின்றன. மணிக்கட்டுக்கு அப்பால் முளைக்கும் நீண்ட விறைப்பான இறகுகளுக்கு முதன்மை இறகுகள் என்று பெயர். பறக்கும்போது பறவையை முன்னால் தள்ளுபவை இவை. சிறகின் மறுமுனையில், உடம்பை ஒட்டி, முழங்கைக்கு அருகில் சில இறகுகள் இருக்கின்றன. சிறகை மடித்தால் மற்ற இறகுகளின்மேல் வந்து கிடப்பவை அவை. இந்தக் கட்டுரைக்கு அவற்றை உள்ளிறகுகள் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது சிறகை மடித்து உட்கார்ந்திருக்கும் குருவியைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். உள்ளிறகுகள் முடிகிற இடத்துக்கு அப்பால், முதன்மை இறகுகளின் நுனிகள் வால் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீளத்துக்கு முதன்மை நீட்சி என்று பெயர். அதை அளக்க அடிமட்டம் வேண்டாம். வெளியே தெரியும் உள்ளிறகின் நீளத்தோடு ஒப்பிட்டால் போதும்.

பிளித் குருவிக்கு இந்த நீட்சி குறைவு. உள்ளிறகு நீளத்தில் ஏறக்குறைய பாதி. கூடினால் மூன்றில் இரண்டு பங்கு. ஐரோப்பியக் குருவிக்கு முக்கால் பங்கும் அதற்கு மேலும் வரும். எண்ணிக்கையாகச் சொல்லும்போது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. நல்ல பக்கவாட்டுப் படம் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால் கண்ணுக்குப் பட்டென்று தெரியும்: ஒன்றின் சிறகு கட்டையாக முடிகிறது, மற்றதன் சிறகு வாலின்மேல் நீண்டு கிடக்கிறது.

அடுத்த படி, பறவையைக் கையில் பிடித்துக் காலில் வளையமிடும் ஆய்வாளர்களுக்கானது. அவர்கள் பார்ப்பது சிறகு வாய்பாடு. அதாவது, ஒவ்வொரு முதன்மை இறகும் மற்றவற்றோடு ஒப்பிட எவ்வளவு நீளம், எதில் என்ன வடிவம் என்ற கணக்கு. இந்தக் குருவிகளுக்கு முதன்மை இறகுகள் பத்து. வெளியிலிருந்து உள்ளே எண்ணினால், முதலாவது மிகச் சிறியது, அதை விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது இரண்டாவது. ஐரோப்பியக் குருவியில் இரண்டாவது இறகு மிக நீளமான மூன்றாவதற்குக் கொஞ்சம்தான் குறைவு. பிளித்தில் அது நன்றாகக் குட்டை. அதன் நுனி ஆறாவது, ஏழாவது இறகுகளின் நுனி அளவுக்கோ அதற்கும் கீழேயோதான் வரும். வெளி இறகு குட்டையாக இருந்தால் சிறகின் முனை உருண்டு போகும். நீளமாக இருந்தால் கூர்மையாகும். அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்றையும் பார்ப்பார்கள். சில முதன்மை இறகுகளின் வெளிவிளிம்பு பாதிக்கு அப்பால் திடீரென்று ஒடுங்கும். இதை இறகொடுக்கம் என்பார்கள். ஐரோப்பியக் குருவிக்கு மூன்றாவது இறகில் மட்டும் இது தெளிவாக இருக்கும். பிளித்துக்கு மூன்றாவதிலும் நான்காவதிலும் இருக்கும். சிலவற்றில் ஐந்தாவதிலும் இலேசாகத் தெரியும். வெயில், நிழல், கெமரா எதுவும் இதை மாற்றாது. ஆனால் இதைப் பார்ப்பதற்காக யாரும் வலை வாங்கிக்கொண்டு மலை ஏற வேண்டாம். பறவை பிடிப்பதற்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், பயிற்சியும் வேண்டும். நமக்கு முதன்மை நீட்சியே தாராளம்.

சுருக்கமாக: கட்டையான, உருண்ட சிறகு என்றால் பிளித். நீண்ட, கூரிய சிறகு என்றால் ஐரோப்பியம்.

சிறகு ஏன் அப்படி?

தொலைவு பறக்கும் பறவைகளுக்குக் கூரிய சிறகு பொருத்தம் என்பது பொதுவான விதி. சிறகு நுனியில் காற்று சுழன்று பின்னால் இழுக்கும் விசை கூர்மையான நுனியில் குறைகிறது. ஆகவே ஒரே அளவு கொழுப்பை எரித்து அதிக தூரம் போகலாம். உருண்ட சிறகுக்கு வேறு பயன்: நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழும்பவும், நெருக்கமான கிளைகளுக்குள் திரும்பவும் அது நல்லது.

இந்த விதியை அரைகுறையாகக் கேட்டவர்கள், 'அப்படியானால் பிளித் கிட்டத்திலிருந்துதான் வருகிறது' என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். அதுதான் இல்லை. ஊரல் மலைப்பக்கமிருந்து இலங்கைக்கு நேர்கோட்டில் அளந்தாலே 5,500 கி.மீ.க்கு மேல் வரும். 12 கிராம் உடம்போடு, உருண்ட சிறகோடு, அது இரவில் பறந்து இந்தத் தூரத்தைக் கடக்கிறது. ஆகவே பயண தூரம் ஒன்றே சிறகைத் தீர்மானிப்பதில்லை. போகிற வழி எப்படி, போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன வாழ்க்கை என்பதும் சேர்கிறது. ஐரோப்பியக் குருவி மத்தியதரைக் கடலையும் சகாராவையும் தாண்ட வேண்டும். நடுவில் இறங்கிப் பூச்சி தேட அதிகம் இடமில்லை. பிளித் வருவது பெரும்பாலும் தரைக்கு மேலாக. கடல் என்று சொல்ல, கடைசியில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள குறுகிய நீர்தான். வந்தபின் ஆறேழு மாதமும், போனபின் குஞ்சு பொரிக்கும் காலமும் அது கழிப்பது செடிப் புதர்களுக்குள்.

வாழிடம் என்ற சான்று இங்கேதான் சேர்கிறது. பெயரில் நாணல் இருந்தாலும் பிளித்துக்கு நாணல் தேவையில்லை. சைபீரியாவில் ஆற்றோரப் புதரிலும் உயர்ந்த களைச்செடிகளிலும் கூடு கட்டும். இங்கே தேயிலை, உண்ணிச்செடி, வீட்டு வேலி, காட்டோரம், மண் வளம் பெற நட்டு வைத்த குவாத்தமாலா புல், எதுவென்றாலும் சரி. தண்ணீர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. தாழ்நிலத்திலிருந்து நுவரெலியா உயரத்துக்கும் அதற்கு மேலும் இதைப் பார்க்கலாம். ஐரோப்பியக் குருவியோ கூடு கட்டும் காலத்தில் நாணலை விட்டு அதிகம் நகராது. தண்ணீருக்கு மேல் நிற்கும் நாணல் தண்டுகள் மூன்று நான்கைச் சேர்த்துச் சுற்றிப் பின்னிய ஆழமான கிண்ணக் கூடு அதனுடையது. குயிலினம் முட்டையிட்டு ஏமாற்றும் கூடு எது என்று ஐரோப்பாவில் கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான்.

குரல்: இருட்டிலும் வேலை செய்யும் சான்று

கொழுந்தெடுக்கும் அக்காமாரிடம் இந்தக் குருவியைக் கேட்டுப் பாருங்கள். 'அது பொழுதன்னைக்கும் நாக்கக் கொட்டிக்கிட்டே இருக்கும் தம்பி, ஆளு மட்டும் தெரியாது' என்பார்கள். இதைவிடச் சரியான விவரணை எந்தக் கையேட்டிலும் இல்லை. அந்த வறண்ட, அழுத்தமான 'டக்' பிளித்தின் அழைப்புக்குரல். ஐரோப்பியக் குருவியின் அழைப்பு அவ்வளவு தெளிவாக வெட்டுப்படாது. தாழ்ந்த, கரகரத்த 'சர்ர்' போன்ற ஒலி.

அழைப்பு வேறு, பாட்டு வேறு. அழைப்பு என்பது ஆண், பெண் இரண்டும் வருடம் முழுவதும் எழுப்பும் சின்ன ஒலி. பாட்டு என்பது ஆண் தன் எல்லையை அறிவிக்கவும் பெண்ணை அழைக்கவும் பாடுவது. ஐரோப்பியக் குருவி நாணலுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு கரகரப்பான சொல்லையும் இரண்டு மூன்று தடவை திருப்பி, ஒரே தாளத்தில், நிறுத்தாமல் பாடிக்கொண்டே போகும். பிளித்துக்கு அவசரமே இல்லை. ஒரு சிறு மெட்டை எடுக்கும். அதையே நான்கைந்து தடவை, சிலசமயம் அதற்கும் மேல் திருப்பும். நடுவில் 'டக் டக்' போடும். அப்புறம் அடுத்த மெட்டு. கீழிருந்து படிப்படியாக ஏறும் சீழ்க்கை அதற்கே உரியது. மற்றப் பறவைகளின் குரலையும் திருடிச் சேர்த்துக்கொள்ளும். பாடுவதற்கு மரத்திலோ உயர்ந்த புதரிலோ ஏறும். வடக்கே அதன் பாட்டு நேரம் பெரும்பாலும் இரவு.

குளிர்காலத்தில் இங்கே நமக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 'டக்' மட்டும்தான். ஊர் திரும்பும் நாள் நெருங்குகிற மார்ச், ஏப்ரலில் மட்டும் புதருக்குள்ளிருந்து தணிந்த குரலில் பாட்டின் துண்டுகள் வரும். கைத்தொலைபேசியில் அந்த நேரத்தில் பதிவு செய்துவைப்பது மங்கலான நூறு படங்களைவிடப் பெறுமதியானது.

நிபுணர்களையே ஏமாற்றிய உறவு

இவ்வளவு நுட்பம் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. 1867இல் இமாச்சலப் பகுதியில், சட்லெஜ் பள்ளத்தாக்கில், ஆலன் ஒக்டேவியன் ஹியூம் ஒரு நாணல் கதிர்க்குருவியைச் சேகரித்தார். இந்திய தேசிய காங்கிரஸ் உருவாவதற்குக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான். அலகு வழக்கத்தைவிடப் பெரியதாக இருந்ததால் அதைப் புதிய இனமாக விவரித்தார். பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக இன்னொன்று யாருக்கும் கிடைக்கவில்லை. உலகத்தில் ஒரே ஒரு உருப்படி. இது தனி இனமே இல்லை, முன்பு சொன்ன, குளத்து நாணலில் பெருங்குரலில் கத்தும் பெரிய நாணல் கதிர்க்குருவியின் விநோதமான ஒன்று என்று கருதியவர்களும் இருந்தார்கள்.

2002இல் அந்தப் பழைய உடலிலிருந்து இழைமணி மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். இழைமணி மரபணு என்பது தாய்வழியாக மட்டும் வரும் மரபணு. வம்சத்தைத் தேட வசதியானது. அது தனி இனம் என்று உறுதியானது. 2006 மார்ச்சில் தாய்லாந்தின் பெட்சபுரி மாகாணத்தில், பறவைகளுக்கு வளையமிட்டுக்கொண்டிருந்த பிலிப் ரவுண்டின் வலையில் ஒரு குருவி சிக்கியது. பார்வைக்குப் பிளித். ஆனால் அலகு நீளமாக இருந்தது, சிறகு கணக்கும் இடித்தது. இறகை அனுப்பி மரபணு பார்த்ததில், ஹியூமின் குருவி! அதன்பின் நூதனசாலை இழுப்பறைகளைத் திறந்து தேடினார்கள். இங்கிலாந்தின் டிரிங் நூதனசாலையில், 1869இல் வட இந்தியாவில் சேகரித்த இன்னொன்று, 'பிளித்' என்ற சீட்டோடு கிடந்தது. மேலும் சிலவும் அப்படியே அகப்பட்டன. 2008, 2009இல் ஆப்கானிஸ்தானின் வாக்கான் பகுதியில், பாடித்திரியும் ஆண்களும் கூடுகட்டும் கூட்டமும் கண்டுபிடிக்கப்பட்டன.

பேரலகு நாணல் கதிர்க்குருவி என்று இதைச் சொல்லலாம். பிளித்திலிருந்து இதைப் பிரிப்பது நீண்டு அகன்ற அலகும், நீளமான நகமும், இன்னும் சில அளவுகளும்தான். சீட்டில் 'பிளித்' என்று எழுதியவர்கள் அறியாதவர்கள் அல்ல. நிறமும் பொதுத் தோற்றமும் சொன்னதை எழுதினார்கள்.

மலையில் நின்று பார்க்கும்போது

நம் மலைகளில் ஐரோப்பியக் குருவியைவிட அடிக்கடி வரும் குழப்பங்கள் வேறு. ஹோர்ட்டன் சமவெளியிலும் ஹக்கலைப் பக்கத்துக் காடுகளிலும் தரையோடு தரையாகத் திரியும் கரும்பழுப்புக் குருவி, இலங்கைக்கே உரிய புதர்க் கதிர்க்குருவி. அது நாணல் குருவி அல்ல, நிறமும் மிக அடர்த்தி. மர உச்சியில் இலைக்கு இலை தாவும் பச்சை கலந்த சின்னக் குருவிகள் இலைக் கதிர்க்குருவிகள். அவையும் குளிர்கால விருந்தாளிகள், ஆனால் புதருக்குள் இறங்குவது குறைவு. வாலை நட்டமாகத் தூக்கி வைத்துக்கொண்டு கத்துவது தையல் சிட்டு. அதை எல்லாருக்கும் தெரியும்.

பழுப்புக் குருவி ஒன்றைப் படமெடுக்கக் கிடைத்தால், முகத்தைத் துரத்தாமல் பக்கவாட்டில் மடித்த சிறகு தெரியும்படி ஒன்றாவது எடுக்கப் பாருங்கள். குரல் கேட்டால் பதிவு செய்யுங்கள், அரை நிமிடமானாலும் போதும். இடம், உயரம், திகதி, எந்தச் செடிக்குள் இருந்தது என்று எழுதிவையுங்கள். இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் பெயரை எழுதலாம். மலையகத்தில், குளிர்காலத்தில், புதருக்குள், கட்டைச் சிறகோடு, 'டக்' என்றால் அது பிளித் என்று துணிந்து எழுதலாம்.

ஒத்துப்போகாவிட்டால்? நீட்சி நீளமாகத் தெரிகிறது, குரலும் வித்தியாசம் என்றால், அவசரப்பட்டு 'ஐரோப்பியம்' என்று போட வேண்டாம். அது வழக்கமாக இங்கு வரும் பறவை அல்ல, ஆகவே கேட்கப்படும் ஆதாரமும் கூடுதல். இனப்பெயர் இல்லாமல் 'அக்ரோசெஃபாலஸ் பேரினம்' என்று மட்டும் பதிவு செய்வதற்கு, பறவை பார்ப்பவர்கள் தாம் கண்டதைப் பதிவிடும் ஈபேர்ட் (eBird) இணையத்தளத்திலேயே இடமிருக்கிறது. படத்தையும் ஒலியையும் அதனோடு சேர்த்துவிடுங்கள். பெயரைப் பிறகு வேறொருவர் வந்து சரியாக எழுதிக்கொள்ளலாம்.